கிறீமுக்குப் போகாத கறுப்பு

தெல்லிப்பழையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஜெயந்தினி அக்கா செத்தபோது முகத்துக்குப் பூச என்னைத்தான் கூப்பிட்டார்கள். படுக்கையில் கிடக்கும் தாயை ஒன்பது வருடம் தனியாகப் பார்த்தவ. அம்மா இரவிரவாகக் கூப்பிடுவா. அக்கா எழும்பிப் போனால்தான் நிப்பாட்டுவா. அக்காவின் கண்ணுக்குக் கீழே வீங்கிக் கறுத்துக் கிடந்தது.

லண்டனிலிருந்து அவவின் அண்ணன் நதானியேல் போனில் சொன்னார்: “செத்தவீட்டை லைவிலை எல்லாரும் பாப்பினம், பிள்ளை. உந்தக் கறுப்புத் தெரியாமல் பூசிவிடும்.”

மூன்று தரம் பூசினேன். மூன்று தரமும் கறுப்பு மேலே வந்தது. பிறகு லைவ் எடுத்த வீடியோக்காரர் போனைத் திருப்பி, திரையில் அழுதுகொண்டிருந்த நதானியேலை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தார். போனை விலக்கியபோது அக்காவின் முகம் வெளித்திருந்தது. கறுப்புமில்லை, வீக்கமுமில்லை.

அடுத்த கிழமை நதானியேல் வீடியோவில் வந்தார். அவருடைய கண்ணுக்குக் கீழே இரண்டு கறுத்த பைகள்.

“ஏதும் நல்ல கிறீம் சொல்லும், பிள்ளை. நித்திரையே இல்லை. இரவிரவா அம்மா கூப்பிடுற சத்தம் கேக்குது. அங்கை ஒருத்தரும் எழும்பிப் போறேல்லையோ?”

நான் அப்போது அவருடைய அம்மாவின் கட்டிலில்தான் இருந்தேன். அக்காவைக் கொண்டுபோன நாளிலிருந்து அம்மா வாயே திறக்கவில்லை.

“உது கிறீமுக்குப் போகாது, அண்ணை,” என்றேன். “நீங்கள் எழும்பிப் போனால்தான் அவ நிப்பாட்டுவா.”