சிவப்புப் பட்டன்

“அம்மா, நம்ம ஆயர் தாவார் தோட்டத்துல ஒருத்தர்கூட கல்யாணத்துக்கு வரலையாம். சன்னாசி மாமாவும்தான்!”

மகள் புனிதா காட்டிய கைப்பேசியைக் கலாதேவி பிடுங்கிப் பார்த்தாள். சன்னாசி கூடப் பிறந்த அண்ணன். தாய்மாமன் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வராமல் என்ன கல்யாணம்?

புனிதாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணப் பத்திரிகையை இணையப் பக்கமாக அவளே செய்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தாள். பச்சைப் பட்டன், வருகிறோம். சிவப்புப் பட்டன், வரவில்லை. தோட்டத்து சனம் மொத்தமும் சிவப்பைத்தான் அமுக்கியிருந்தது.

“ஒரு போன் போட்டுக் கேளுங்கம்மா.”

“நான் ஏன் கேக்கணும்? நாம தோட்டத்த விட்டு ஈப்போவுக்கு வந்து வீடு வாங்கிட்டோம்ல, அந்த வயித்தெரிச்சல்!”

பிடிவாதத்தில் தங்கை அண்ணனுக்குச் சளைத்தவள் இல்லை. சமையல்காரரிடம் ஆள் கணக்கைக் குறைத்துச் சொல்லிவிட்டாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று காலை, சிம்பாங் பூலாய் மண்டபத்தில் மேளம் தொடங்கிய நேரம், வாசலில் ஒரு பேருந்து வந்து நின்றது. பட்டு வேட்டியும் சீர்த்தட்டுமாக முதல் ஆளாய் இறங்கினார் சன்னாசி. பின்னாலேயே தோட்டமே இறங்கியது.

கலாதேவிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அடுத்த நொடி இறங்குகிறவர்களை எண்ணத் தொடங்கினாள். இத்தனை பேருக்கும் சோற்றுக்கு எங்கே போவது?

“அண்ணே! வரலைன்னு போட்டுட்டு இப்படி வந்து நின்னா எப்படி? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால மானம் போவுதே!”

“பச்சைப் பட்டன அமுக்கு அமுக்குன்னு அமுக்கினோம்மா. அசையவே மாட்டேங்குது. சிவப்புதான் வேலை செஞ்சிச்சு. பத்திரிகை வந்து பதில் போடாம இருந்தா மரியாதை இல்லியே, அதான் எல்லாரும் சிவப்ப அமுக்கிட்டோம்.”

மாமா குரல் கேட்டு மணமகள் கோலத்திலேயே ஓடி வந்த புனிதா, அவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அலாமா! மாமா, இந்த பிரவுசர் ரொம்ப பழசு, தோட்டத்துல எல்லாரும் இதைத்தான் வச்சிருப்பீங்க. பச்சைப் பட்டன நான் புது பிரவுசருக்கு மட்டும் எழுதியிருக்கேன், இதுல அது ஓடாது. என் போன்ல மட்டும் சோதிச்சுப் பார்த்துட்டு அனுப்பிட்டேன். தப்பு என்னோடதுதான்.”

“நீங்களாவது போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்லண்ணே?” என்றாள் கலாதேவி.

“புள்ள ஆசையா செஞ்சது. சரியா ஓடலைன்னு வெளிய தெரிஞ்சா அதுக்கு வெக்கமா இருக்காதா?”

“அது சரி, இப்ப சாப்பாட்டுக்கு என்ன செய்றது?”

சன்னாசி கையைத் தட்டினார். பேருந்தின் பின்கதவு திறந்தது. சைவ பிரியாணி, சாம்பார், பாயசம் என்று அண்டா அண்டாவாக இறங்க ஆரம்பித்தது. வாசலெல்லாம் வாசம்.

கலாதேவி ஓர் அண்டாவின் மூடியைத் திறந்து பார்த்தாள்.

“சமையக்காரரு அந்தப் பட்டன நம்பிருவாருன்னு தெரியும்லா. அதான் சோறு கொண்டாந்தேன்,” என்று சிரித்தார் சன்னாசி. “நீயும் நம்புவேன்னுதான் நான் நெனைக்கலம்மா!”