குரங்குப் புண்ணும் தையல்சிட்டும்

காட்டில் யாருக்கு உடம்பு கிழிந்தாலும் தைத்துவிடுவது தையல்சிட்டுதான். குரங்குகளிடம் மட்டும் அதன் தையல் நிற்பதில்லை. தைத்து முடித்ததும் அவை வலி தாங்காமல் நோண்டி நோண்டித் தையலையே பிரித்துவிடும்.

"குரங்குப் புண்ணு என்னைக்கு ஆறியிருக்கு?" என்று காடே சிரித்தது.

"வலி அடங்கினா அதுங்க ஏன் நோண்டப்போகுது?" என்று சிட்டு சீறியது. வலிக்கென்று தன் அம்மா சொல்லித்தந்த பச்சிலையைத் தையல்மேல் வைத்துக் கட்டியது.

"ஓடையில நனைச்ச வாழைமட்டையை வச்சுத்தான் பாரேன்," என்றது யானை.

சிட்டுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பாதிக் குரங்குகளுக்கு இலை, மீதிக்கு மட்டை என்று கட்டிவிட்டு, கிளையில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தது.

இலை கட்டிய குரங்குகள் வழக்கம்போல நோண்டின. மட்டை கட்டியவை குறட்டை விட்டன.

சிட்டு உச்சிக்கிளைக்கு ஏறியது. "இனிமே எல்லாருக்கும் வாழைமட்டைதான்! என் இலை உதவாது!" என்று காடு அதிரக் கத்தியது.

யானைக்கே சங்கடமாகிவிட்டது. "உங்கம்மா தந்த இலையாச்சே. நீயே இப்படிச் சொல்லலாமா?"

சிட்டு வாலை விறைப்பாக நிமிர்த்திக்கொண்டது.

"வேற யாரு சொல்லுவா? அது உதவாதுன்னு எங்க வம்சத்துலேயே முதல்ல கண்டுபிடிச்சவ நான்தானே, அண்ணே!"