நீல வார் செருப்பு

ஜும்மா முடிந்து கூட்டம் வெளியே வரத் தொடங்கியதும் ரூபேந்திரன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நேரலையை ஆரம்பித்துவிட்டார்.

அத்தா உள்ளே தொழப் போயிருந்தார். நாங்கள் பள்ளிவாசலுக்கு எதிரே தேநீர்க் கடையில் ஒளிந்திருந்தோம். ஒளிய வேண்டும் என்பது ரூபேந்திரனின் யோசனை.

“அப்பா தொலையணும், சிஸ்டர். நீங்க கண்டுபிடிக்கணும். அப்பதான்லா ஆளுங்க பார்ப்பாங்க.”

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். எத்தனை பத்திரிகைக்கு எழுதினேன், எத்தனை தொலைக்காட்சிக்கு நடந்தேன்! ‘செருப்பா?’ என்று சிரித்து அனுப்பிவிடுவார்கள். இணையச் செய்தி நடத்தும் இந்த மனிதர் ஒருவர்தான் எங்கள் ஊர் ஆயர் ஈத்தாம் வரை வந்தார்.

ஆமாம், செருப்புதான். நினைவு தப்பியவர்கள் காலில் போட்டுவிட்டால், போகும் இடமெல்லாம் வீட்டாரின் கைப்பேசியில் புள்ளியாகத் தெரியும். போன வருஷம் அத்தா தொலைந்துபோய், காஹாங் பக்கம் செம்பனைக் காட்டுக்குள் கிடைத்தாரே, அன்று அழுத அழுகையில் செய்தது.

பளபளப்பாக இருந்தால் அத்தா போட மாட்டார். அதனால் சாதாரண நீல வார் ரப்பர் செருப்புக்குள் கருவியை ஒளித்துவைத்தேன். எதற்கு என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரிடமே சொல்லியிருக்கலாம்.

கூட்டத்தில் அத்தாவின் தொப்பி தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, கையில் புள்ளி இருந்தது.

புள்ளி நகர்ந்தது.

நான் ஓடினேன். ரூபேந்திரன் பின்னாலேயே ஓடிவந்தார். லாரிகள் பறக்கிற பெரிய சாலையைத் தாண்டி மண்பாண்டக் கடைகள் பக்கம் போனது புள்ளி. அத்தா இதைத் தனியாகவா கடந்தார் என்று இன்னும் வேகமாக ஓடினேன். ரூபேந்திரனோ, பார்க்கிறவர்கள் ஏறிக்கொண்டே போகிறார்கள் என்று கட்டைவிரலைக் காட்டினார்.

ஒரு கடையில் புள்ளி நின்றது.

அங்கே பூந்தொட்டிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார் ஒரு மலாய்க்காரர். முன்பின் பார்த்திராத மனிதர். காலில் நீல வார் செருப்பு.

நான் காட்டியதும் குனிந்து பார்த்தார். “அலமாக்!” என்று விழுந்து விழுந்து சிரித்தார். ரூபேந்திரனும் சிரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் படியில் செருப்பு மாறும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஊரில் பாதிப் பேர் போடும் செருப்பில் கருவியை வைத்த என்னை அதே செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்படியானால் அத்தா எங்கே?

யா அல்லாஹ் என்று திரும்பி ஓடினேன். ரூபேந்திரன் வரவில்லை. அந்தச் சிரிப்பைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்.

பள்ளிவாசலில் கூட்டம் கலைந்துவிட்டது. கடைசிப் படியில், கொளுத்தும் வெயிலில், வெறுங்காலோடு அத்தா உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே யாருடையதோ நீல வார் செருப்பு ஒரு ஜோடி. அதை அவர் தொடவில்லை.

கட்டிக்கொள்ளப் போனேன். அவர் மரியாதையாக நகர்ந்து எனக்கு இடம்விட்டார்.

“என் சிலிப்பரப் பாத்தீங்களாம்மா? என் மக செஞ்சு குடுத்தது. அதப் போடாம நான் போயிட்டேன்னா, அந்தப் புள்ள என்னை எங்கேன்னு தேடும்?”