பெகோனியாவுக்கு மாறுதல்

வேலூர் வெயிலில் வகுப்பிலேயே ஒருமுறை மயங்கி விழுந்ததிலிருந்து, கிருபாவதி டீச்சர் குன்னூருக்கு மாறுதல் கேட்டு வருஷா வருஷம் விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். பதிலே வந்ததில்லை. தலைமையாசிரியர் அறையில் இருந்த பெகோனியாச் செடி எதையும் கேட்கவில்லை. அதற்கு மாறுதல் ஆணை வந்துவிட்டது.

செடிகள் நல வாரியத்தின் புதிய வெப்பநிலைப் பட்டியலில் வேலூர் ஒரு படி மேலே போய்விட்டதாம். பெகோனியாவுக்கு இனி இந்த ஊர் ஆகாதாம். வாடுவதற்குள் குன்னூர் கிளையில் ஒப்படைக்காவிட்டால் தலைமையாசிரியருக்கு மெமோ.

"எப்பப் பார்த்தாலும் குன்னூர், குன்னூர்னு சொல்வீங்களே, நீங்களே தொட்டியைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டு வாங்க டீச்சர்," என்றார் அவர்.

வாரியம் ஏசி வேன் அனுப்பியிருந்தது. டீச்சர் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். குன்னூர் அதிகாரி இலையைத் தடவிப் பார்த்து, "ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கு பாவம்," என்றார்.

"சார், எனக்கும் அந்த வெயில் தாங்கல. இங்கேயே வந்துட ஏதாவது வழி இருக்கா?"

அவர் பட்டியலை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"எது எத்தனை டிகிரி வரைக்கும் தாங்கும்னு இதுல போட்டிருக்கும்மா. மனுஷங்க பேரே இல்லையே. அப்படின்னா எவ்வளவு வேணாலும் தாங்குவீங்கன்னுதானே அர்த்தம்?"

திரும்பும் வழியில் மேட்டுப்பாளையம் தாண்டியதும் வேனுக்குள் அனல் அடித்தது. டீச்சர் ஏசியைப் போடச் சொன்னார்.

"செடி இருந்தாத்தான் போடணும்னு ஆர்டர், டீச்சர்," என்றார் டிரைவர்.