முள் இறங்காத கார்

முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பூமிநாதன். அவருக்கு இடப்பக்கம் மனைவி உமையாள். அவள் பாதங்களுக்கு நடுவில் ஒரு தண்ணீர்க் கேன். பின்சீட்டின் நடுவில், இருவர் தோளுக்கும் இடையே கழுத்தை நீட்டி, பெட்ரோல் முள்ளையே பார்த்துக்கொண்டு உமையாளின் அண்ணன் மூக்கையா.

பூமிநாதனின் சட்டைப்பையில் இரண்டு கடிதங்கள். இரண்டும் மதுரைக் கார் தரகருக்கு. தேதி, பெறுநர், பொருள் எல்லாம் முறையாகப் போட்டு எழுதியவை. ஒன்றில் காரை விற்கச் சம்மதம் என்றிருந்தது, மற்றதில் விற்பதற்கில்லை என்றிருந்தது. எது தபால்பெட்டிக்குப் போவது என்பதை அன்றைய பயணம் சொல்லவேண்டும்.

அந்தப் பழைய சின்னக் கார் பெட்ரோலிலும் ஓடும், கேஸிலும் ஓடும். கேஸ் என்றால் செலவு பாதிதான். ஆனால் நிரப்ப மதுரைக்குப் போகவேண்டும். "கேஸு போடப் போய்ட்டு வாரதுக்குள்ள போட்ட கேஸு தீந்துரும் மாப்ள. வித்துட்டு டிராக்டர்ல ஒரு பங்கு சேரு" என்றார் மூக்கையா. அண்ணன் சொன்னால் சரிதான் என்று உமையாளும் தலையாட்டிவிட்டாள்.

கடைசியில் ஒப்பந்தம் இப்படி ஆனது. இராமநாதபுரத்தில் முக்கால் டேங்கோடு கிளம்பி, பெட்ரோலிலேயே ராமேஸ்வரம் போய்த் திரும்புவது. முள் அரைக்குக் கீழே இறங்கினால் கார் கைமாறும்.

பூமிநாதனுக்கு மனம் ஒப்பவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக பஸ்ஸில் உமையாள் முன்னால் பெண்கள் சீட்டில், அவர் பின்வாசல் கம்பியில். பக்கத்தில் உட்கார்ந்து ஊர் போனது இந்த நாலு மாதமாகத்தான்.

அதனால் உச்சிப்புளி தாண்டியதும், மெக்கானிக் சதக் ஸ்டியரிங்குக்குக் கீழே பொருத்தியிருந்த சுவிட்சை முழங்காலாலேயே கேஸுக்குத் தட்டிவிட்டார். சத்தம் கேட்காமலிருக்க ஓர் இருமலும் இருமிக்கொண்டார்.

பாம்பன் பாலத்தில் நிறுத்தியபோதும் மூக்கையா முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்படியே வடையைக் கடித்து விக்கி, தண்ணீர் கேட்டார். "அது வெயில்ல சூடாக் கெடக்குண்ணே" என்று உமையாள் இறங்கிப்போய் நன்னாரி சர்பத் வாங்கிவந்தாள்.

ராமேஸ்வரத்தில் ஆண்கள் இருவரும் கடலில் முழுகப் போனார்கள். கால் வலிக்கிறது என்று உமையாள் காரிலேயே இருந்துவிட்டாள். பாட்டுக் கேட்கச் சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது முள் இறங்கவில்லை. ஏறியிருந்தது.

பூமிநாதன் ஓரக்கண்ணால் சுவிட்சைப் பார்த்துக்கொண்டார். கேஸில் ஓட்டினால் முள் நிற்கும், ஏறுமா? மூக்கையா கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், விரலால் சுண்டிப் பார்த்தார், வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொல்லியும் பார்த்தார். மண்டபம் வருவதற்குள் அவருக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"மாப்ள, இன்னும் ரெண்டு தடவ போய்ட்டு வந்தா டேங்கு வழிஞ்சுரும் போல. இத விக்கிறவன் கிறுக்கன்யா."

மூவரும் சிரித்த சிரிப்பில் கார் குலுங்கிக்கொண்டே ஊர் வந்தது. தபால் நிலைய வாசலில் மூக்கையாவே சம்மதக் கடிதத்தைக் கிழித்தார். மற்றதை உறையிலிட்டு, நாக்கால் நனைத்து ஒட்டி, பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டபிறகே வீட்டுக்கு நடந்தார்.

அவர் தெருமுனை திரும்பியதும் பூமிநாதன் மென்று விழுங்கினார். "உமையா, திட்டாத. உச்சிப்புளியிலருந்து நான் கேஸ்லதான் ஓட்டுனேன்."

உமையாள் கேனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"அட மனுசா, அப்ப நான் ஊத்துன அஞ்சு லிட்டரு?"