நாலு வரிப் புள்ளிகள்

சைபீரியாவிலிருந்து பீட்டர்ஸ்பர்க்குக்குப் படிக்க வந்த சவ்வாவின் முதல் புத்தகம், ஒரு தேவதைக் கதைப் பாட்டு, சுடச்சுட விற்றது. காரணம், நடுவே நாலு வரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள்.

"தணிக்கையில வெட்டிட்டாங்களா? ஜார் மன்னரைத்தானே நக்கல் பண்ணினே?" புத்தகக் கடைக்காரர் லுக்கியான் கிசுகிசுத்தார். "உன்னைத் தண்டனையா சைபீரியாவுக்கு அனுப்பிடப் போறாங்கப்பா!"

"அங்கதாங்க என் வீடே."

அந்த நேரம் பார்த்துத் தணிக்கை அதிகாரியே கடைக்குள் நுழைந்தார். சவ்வாவை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"நான் ஒரு எழுத்தைக்கூட வெட்டலையே! புள்ளி யார் வெச்சது?"

"நான்தாங்க. அந்த நாலு வரிக்கு எதுகை கிடைக்கலை, அச்சுக்கூடத்துல அவசரப்படுத்தினாங்க. மன்னிச்சிடுங்க, எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்."

"அடப்பாவி, வாயைத் திறந்துடாதே!" அதிகாரி பதறினார். "அந்த நாலு வரியை வெட்டினதுக்காகத்தான் எனக்குப் பதவி உயர்வே குடுத்திருக்காங்க!"