நாளுக்கு நாலு அழுத்து

காலி இன்ஹேலரையும் தேதியையும் ஒருமுறை பார்த்ததுமே மருந்துக் கவுண்டர்காரரின் முகம் மலர்ந்துவிட்டது.

“அடேங்கப்பா! மருந்து முழுசா முப்பது நாள் வந்திருக்கேம்மா! எப்பவும் பதினஞ்சாம் நாளே வந்து நிப்பீங்க.”

மாவு மில்லம்மா புருஷனின் மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

“நாளுக்கு நாலு அழுத்து, மொத்தம் நூத்தியிருபது. வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்கன்னு கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு. அளவு மீறினா நெஞ்சு படபடக்கும்னு சொன்னேனே, அதுக்கப்புறம்தான் ஐயா வழிக்கு வந்தாரா?”

“ஆமாங்க.”

“இப்ப இரைப்பு எப்படி இருக்கு?”

“இரைப்பே இல்லீங்க.”

“பாத்தீங்களா! அடுத்த தடவை அவரையே வரச் சொல்லுங்க. பாத்து நாளாச்சு.”

புது டப்பாவில் ஐயா பெயரை எழுதி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு நடந்தாள்.

வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்கே மூச்சு இரைத்தது. முப்பது வருடமாகப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மில்லின் மாவுத் தூசியைத்தான் குடித்தார்கள். டாக்டரிடம் போய்ச் சீட்டு எழுதி வாங்கியவர் அவர் மட்டும். “ரெண்டு பேருக்கும் ஒரே இரைப்புதானே, ஒரே மருந்து போதாதா?” என்று அவள் போகாமலே இருந்துவிட்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்து ஓர் அழுத்து அழுத்தி, உள்ளே இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்கினாள். பிறகு வாய் வைத்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்து, பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலிக்கு நீட்டினாள்.

அந்த நாற்காலி காலியாகி நேற்றோடு முப்பது நாள்.